முன் அச்சு: ஒரு பழைய ஜீப்பும் ஒரு மாணவரும் எனக்கு நடத்திய பாடம்



போன வாரம் என் மறைந்த அண்ணனின் பழைய ஜீப் படத்தைப் போட்டிருந்தேன். முன் சக்கரங்கள் இரண்டும் இல்லாமல், மரக்கட்டை மேல் நிற்கிற படம். "சார், பழைய இரும்புக்குப் போட்டுட்டீங்களா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போடவில்லை. அந்த வண்டியின் முன் அச்சை முழுசாகப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டியாகிவிட்டது. பதினெட்டு நாள் வேலை. அந்தப் பதினெட்டு நாளில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மகேந்திரா கம்பெனியின் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப். 1991-ல் அரசு ஏலத்தில் அண்ணன் எடுத்தார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுத் தகரத் தொட்டி பொருத்திப் பிக்கப் மாதிரி ஆக்கிக்கொண்டார். சீமைக்கருவேல மூட்டத்திலிருந்து கரி மூட்டை, மிளகாய் வத்தல், மல்லி, சில சமயம் பிரசவ வலியோடு ஒரு பெண் என்று எல்லாமே அதில் போயிருக்கிறது. நம் பக்கத்துக் கரிசல் மண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ஒரு மழை பெய்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மண்ணில் மற்ற வண்டிகள் நின்ற இடத்தில் அண்ணன் வண்டி மட்டும் போகும்.

அண்ணன் இறந்து 4 வருடம் ஆகிறது. வண்டி 40 கி.மீ. வேகம் தாண்டினால் ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் ஆடும். முன் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வடியும். முன் கியரைப் போட்டுத் திருப்பினால் 'டக் டக்' என்று சத்தம். "சித்தப்பா, எடைக்குப் போட்டுருவோம், இனிமே இதுக்குச் செலவு பண்ணுறது வீண்" என்றார்கள் அண்ணன் மக்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையில் என் பழைய மாணவர் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவர் வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் மேல் விளிம்பில் ஒரு கை, கீழ் விளிம்பில் ஒரு கை வைத்து ஆட்டினார். பிறகு "நீங்க பிடிச்சுப் பாருங்க சார்" என்றார். பிடித்தேன். ஆடுகிற பல்லைப் போல் சக்கரம் முன்னும் பின்னும் அசைந்தது.

"வண்டிக்கு வயசாச்சேப்பா?" என்றேன்.

"இது மூட்டு வலி சார். மூட்டு வலிக்கு ஆளையே கொண்டுபோய் எரிச்சிருவாங்களா?" என்றார்.

அவர் மூட்டு என்று சொன்ன சொல் வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. முன் அச்சின் வரலாறே மூட்டுகளின் வரலாறுதான்.

நம் மாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சக்கரம், நடுவில் இருசு. இருசு சுற்றாது, சக்கரம் மட்டும் சுற்றும். சக்கரம் கழன்று போகாமல் இருக்கக் கடையாணி. திருக்குறளில் அச்சும் வருகிறது, அச்சாணியும் வருகிறது; இரண்டையும் உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். இரண்டு சக்கர வண்டிக்குத் திரும்புவதில் சிரமம் இல்லை, மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நான்கு சக்கரம் என்று வந்தவுடன்தான் சிக்கல். கோயில் தேர் வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். முட்டுக்கட்டை போட்டு, வடத்தைப் பக்கவாட்டில் இழுத்து, சக்கரத்தைத் தரையோடு தேய்த்துத்தான் திருப்புவார்கள். தேருக்குத் திரும்பும் மூட்டு கிடையாது.

ஐரோப்பாவில் குதிரை பூட்டிய நான்கு சக்கரக் கோச்சு வண்டிகளில் முன் இருசு முழுவதையும் நடுவில் ஒரே ஆணியில் நிறுத்தித் திருப்பினார்கள். கூர்மையாகத் திருப்பினால் வண்டி கவிழும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மியூனிக்கில் லாங்கன்ஸ்பெர்கர் என்ற வண்டி செய்பவர் வேறு வழி கண்டார். இருசு அசையாமல் நிற்கட்டும்; அதன் இரு முனையிலும் ஒரு மூட்டு வைத்து, சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பட்டும் என்றார். அவருக்காக லண்டனில் 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். இன்று உலகம் முழுக்க அதை ஆக்கர்மன் ஸ்டியரிங் என்கிறார்கள். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் மற்றொருவருக்கு!

அந்த மூட்டின் ஆணிதான் நம் மெக்கானிக்குகள் சொல்லும் கிங் பின். நான் பிடித்துப் பார்த்தபோது ஆடியது அதுதான்.

சக்கரம் திரும்பினால் மட்டும் போதும் என்றால் கதை இங்கேயே முடிந்துவிடும். திரும்புகிற அதே சக்கரம் வண்டியை இழுக்கவும் வேண்டும் என்றால்? எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை, வளைந்து நிற்கும் மூட்டு வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கரண்டிக் காம்பு போல் நேரான கம்பி வளைந்துகொண்டே சுற்றாது அல்லவா?

இதற்கு உதவியவர் 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக். நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தவர் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அவரேதான். சிலுவை வடிவ இரும்பின் நான்கு முனைகளில், இரண்டை ஒரு தண்டும் மற்ற இரண்டை இன்னொரு தண்டும் பிடித்துக்கொண்டால், இரண்டு தண்டும் கோணத்தில் நின்றாலும் ஒன்று சுற்ற மற்றதும் சுற்றும். அவர் காலத்துக்கு முன்பே இந்த அமைப்பு தெரிந்திருந்தது. ஆனால் அதன் குணத்தை ஆராய்ந்து எழுதியவர் ஹூக். பட்டறையில் அதை 'யு.ஜே. கிராஸ்' என்கிறார்கள்.

அதற்கு ஒரு குறை உண்டு. வளைந்த நிலையில் சுற்றும்போது ஒரு தண்டு சீராகச் சுற்றினாலும் மற்றது சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடும், இருமுறை குறையும். அதனால்தான் முன் கியர் போட்டு முழுதாகத் திருப்பும்போது ஸ்டியரிங் கையில் துள்ளும். இதைத் தீர்க்க 1920-களில் பிரான்சில் கிரெகுவார் என்பவரும், அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரெப்பா என்பவரும் வேகம் மாறாத மூட்டுகளைக் கண்டுபிடித்தார்கள். ரெப்பாவின் மூட்டில் ஆறு எஃகுக் குண்டுகள் இருக்கும். இன்று நீங்கள் ஓட்டும் சிறிய கார்களில் முன் சக்கரத்தை இழுப்பது அந்தக் குண்டு மூட்டின் வழி வந்ததுதான்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் கார் நெதர்லாந்தில் 1903-லேயே ஸ்பைக்கர் என்ற கம்பெனியில் செய்யப்பட்டது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பட்டறை வைத்திருந்த சாக்கோ, பெசர்டிக் என்ற இரண்டு பேர், திரும்பவும் இழுக்கவும் செய்யும் முன் அச்சுக்கு 1908-ல் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் தொடங்கிய கம்பெனியின் லாரிகள் முதல் உலகப் போரின் சேற்றில் ஓடின. பட்டறைக்காரர்கள் செய்த வேலை இது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த போரில் ஜீப் பிறந்தது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது: 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும். பேன்டம் என்ற சிறிய கம்பெனி அந்த நாளுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. புதிதாக அச்சு செய்ய நேரம் ஏது? ஸ்டூடிபேக்கர் காருக்காக ஸ்பைசர் கம்பெனி செய்துகொண்டிருந்த அச்சை மாற்றிப் பொருத்தினார்கள். பிறகு வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளின. அத்தனை வண்டிக்கும் ஒரே வகை மூட்டு கிடைக்காததால், கிடைத்த மூன்று நான்கு வகை மூட்டுகளையும் முன் அச்சில் பொருத்தினார்கள்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது? 1945-ல் லூதியானாவில் மகேந்திரா அண்ட் முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் சென்று அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948-ல் கம்பெனி மகேந்திரா அண்ட் மகேந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகக் கப்பலில் இறக்கி, பம்பாயில் பூட்டினார்கள். பிறகு உரிமம் பெற்று இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் 1953-ல் வந்து 1968-ல் நின்றுபோன மாதிரியை இங்கே பல பத்தாண்டுகள் தொடர்ந்து செய்தார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஜீப் என்றாலே பி.டி.ஓ. ஆபீஸ் ஜீப்தான். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவோடு செய்த தொழில்நுட்ப ஒத்துழைப்பும் அதன் பின்னால் இருந்தது. பிறகு நாடெங்கும் வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஓர் அலுவலர், அவருக்கு ஒரு ஜீப். நரிக்குடியும் அப்படி ஒரு ஒன்றியம் ஆனது. நான் சிறுவனாக இருந்தபோது கிருதுமால் ஆற்றுப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடமே வாசலுக்கு வந்துவிடும். தடுப்பூசி வந்தது ஜீப்பில். உரம் போடுவது எப்படி என்று சொல்ல வந்தவர் ஜீப்பில். ஓட்டுப்பெட்டி வந்ததும் ஜீப்பில். தார் போட்ட சாலை ஊருக்குள் வருவதற்கு முன்பே அரசாங்கம் எங்கள் ஊருக்கு வந்தது அந்த முன் அச்சின் தயவில்தான்.

இனிப் பட்டறைக்கு வருவோம்.

அச்சுக் குழாயின் இரு முனையிலும் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்புக் குண்டு இருக்கும். அதைச் சட்டை போட்டது போல் ஓர் உறை மூடியிருக்கும். மேலும் கீழும் கிங் பின், அதற்குப் பேரிங். உறைக்குள் கிரீஸில் கிராஸ் சுற்றும். குண்டுக்கும் உறைக்கும் நடுவில் ஒரு சீல். எங்கள் வண்டியில் குண்டு முழுக்கத் துருப்பிடித்து அம்மை வடு போல் இருந்தது. அந்த வடுதான் சீலைக் கிழித்திருக்கிறது. கிழிந்த வழியில் கண்மாய்த் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலைத் திறந்தபோது எண்ணெய் கறுப்பாக இல்லை, பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது.

டிஃபரன்ஷியல் ஏன் வேண்டும் என்று உங்களுக்கு மைதானத்திலேயே தெரியும். குடியரசு தின அணிவகுப்பில் வரிசையாகத் திரும்பும்போது உள்பக்கம் நிற்கிறவன் கால் மாற்றிக்கொண்டே நிற்பான், வெளிப்பக்கம் நிற்கிறவன் ஓட வேண்டும். சக்கரமும் அப்படித்தான். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கரக் கூட்டம் அது. நல்லவேளையாகப் பற்கள் தேயவில்லை. துருவேறிய பேரிங்குகளை மட்டும் மாற்றினார். பிறகு செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பற்களில் தடவி, கையால் சுற்றிப் பார்த்தார். பல்லும் பல்லும் உரசிய இடத்தில் தடம் தெரிந்தது. தடம் பல்லின் நடுவில் விழ வேண்டுமாம். ஓரத்தில் விழுந்தால் மெல்லிய தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ மறுபடி பூட்ட வேண்டும். நான்கு முறை கழற்றிப் பூட்டினார். ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. துருப்பிடித்த குண்டுகளைப் பற்றவைத்து நிரப்பி, லேத்தில் கொடுத்துக் கடைந்து, மேலே கையால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி போல் ஆக்கினார்.

ஒன்பதாம் நாள் கிராஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். அதன் முனைகளில் ஊசி பேரிங் பதிந்த பள்ளம் வரி வரியாக இருந்தது. ஆக்சில் தண்டின் நுனியில் நேராக இருக்க வேண்டிய பல்வரிகள் லேசாக முறுக்கிக்கொண்டிருந்தன.

"தார் ரோட்டுல முன் கியரப் போட்டு யாரு சார் ஓட்டுனது?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்கினார். வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சிறிய வட்டம் போகும். முன் கியர் போட்டால் இந்த ஜீப்பில் முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் கட்டிப்போட்டது மாதிரி. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. அந்த இறுக்கம் அப்படியே தண்டில் ஏறி முறுக்கும். எங்கே பலவீனமோ அங்கே உடையும்.

அப்படி ஓட்டியது நான்தான். ஒன்பது வருடத்துக்கு முன் ஓர் அடைமழை நாளில் அண்ணனிடம் வண்டியை வாங்கிக்கொண்டு அருப்புக்கோட்டை போனேன். முன் கியர் போட்டால் வழுக்காது, பத்திரம் என்று நினைத்து, போகவும் வரவும் அப்படியே ஓட்டினேன். திருச்சுழி தாண்டும்போதே 'டக் டக்' சத்தம் வந்துவிட்டது. வீட்டில் விட்டுவிட்டு, அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். சத்தத்தைக் கேட்ட அண்ணன், "வண்டிக்கும் நம்மள மாதிரி வயசாயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு, அதன் பிறகு தூரமாக எடுத்துப் போவதை விட்டுவிட்டார். ஆசிரியரான எனக்குத் தெரியாத விஷயம் இருக்கும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதை இங்கே எழுதுவதற்கு முன்பு அண்ணன் மக்களிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பட்டறையில் அன்றே மாணவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "யாரும் சொல்லிக் குடுக்கல சார், அதான்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் கிங் பின். புதுப் பேரிங் போட்டு, மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் பழையபடி ஆடும், கூடினால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பேரிங்கும் கெடும். எப்படித் தெரியும் அளவு? அவர் சுவரில் மாட்டியிருந்த ஸ்பிரிங் தராசை எடுத்தார். சந்தையில் மீன் நிறுப்பார்களே, அதே மாதிரி. ஸ்டியரிங் கையின் ஓட்டையில் கொக்கியை மாட்டி மெதுவாக இழுத்தார். உறை அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். குறைவு. ஒரு தகடை எடுத்துவிட்டு மறுபடி இறுக்கி இழுத்தார். இப்போது சரி என்றார்.

"இத எங்கப்பா கத்துக்கிட்ட?"

"அளவு எங்க மேஸ்திரி சொன்னது. தராசு நீங்க சொன்னதுதான் சார். ஸ்பிரிங்க எவ்வளவு இழுக்குறோமோ அவ்வளவுதான் நீளும்னு சொல்லி, ஒரு கல்லத் தொங்கவிட்டு என்னயத்தான் படிக்கச் சொன்னீங்க."

சத்தியமாக எனக்கு அந்த வகுப்பு நினைவில்லை. ஸ்பிரிங் இழுப்புக்கு ஏற்ப நீளும் என்ற விதியைச் சொன்னவரும் அதே ராபர்ட் ஹூக்தான். 1678-ல் வெளியிட்டார். அச்சுக்குள் சுற்றும் மூட்டும் அவர் ஆராய்ந்தது. அச்சைச் சரிபார்க்கும் தராசின் விதியும் அவருடையது. இதை நான் சொன்னபோது மாணவர் தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நடுவில் படிப்பை நிறுத்தியபோது அவர் வீட்டுக்கு நான் போகவில்லை. எத்தனையோ பேர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டுக்குப் போகவில்லை. எதற்கு விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். வாய் பேசாத பையன், கடைசி வரிசை. வராமல் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதுதான் உண்மை.

மொத்தச் செலவு கூலியோடு 31 ஆயிரத்துச் சொச்சம். வண்டி இப்போது 60 கி.மீ. வேகத்திலும் ஆடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் ஓட்ட, நானும் மாணவரும் பக்கத்தில் உட்கார, கண்மாய்க்குள் இறக்கி ஏற்றினோம். சேற்றில் இறங்கிய பிறகுதான் முன் கியர் போட்டோம். கரையேறியதும் எடுத்துவிட்டோம்.

இந்த வகை முழு அச்சு இப்போது குறைந்துவிட்டது. சொகுசுக்காகச் சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடுகிறார்கள். 1985-ல் வந்த ஜிப்சியில் முழு அச்சு இருந்தது. 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியிலும் இருக்கிறது. அதனால் செத்துப்போன தொழில்நுட்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் தகடு கூட்டிக் குறைத்து, செந்தூரம் தடவிப் பார்த்து, தராசில் இழுத்து அளக்கும் கைகள் நம் வட்டாரத்தில் எத்தனை மிச்சம் என்று தெரியவில்லை. அவர் பட்டறையில் உதவிக்கு ஒரே ஒரு பையன்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும். முகவரி வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அவரிடம் கேட்டுத் தருகிறேன். அவர் அதிகம் பேச மாட்டார். கேட்டால் சொல்வார்.

எழுதியதில் பிழை இருந்தால், வண்டி வேலை தெரிந்தவர்கள் கூச்சப்படாமல் திருத்துங்கள். திருத்தினால் கோபித்துக்கொள்ளும் வயதைத் தாண்டிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
நரிக்குடி.